புதிய பவளத் தொட்டிக்கு எந்த மீன்கள் ஒத்துப்போகும்?

கேள்வி:
வணக்கம். என்னுடைய 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் மீன்களுக்கு நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டன. மென்பவளங்கள் சிலவும் இரண்டு இறால்களும் இருக்கின்றன. கோமாளி மீன் இணை, நீல டாம்செல், மஞ்சள் டேங், மாண்டரின் ஆகியவற்றைச் சேர்த்து வளர்க்க விரும்புகிறேன். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா?

பதில் 1:
கோமாளி மீன்களைத் தயங்காமல் வாங்குங்கள். அவை அனைத்தும் ஆணாகவே வளர்ந்து, இணையில் பெரியது பெண்ணாக மாறுவதால், அளவில் வேறுபட்ட இரண்டு இளம் மீன்களைத் தேர்ந்தெடுத்தால் சண்டை குறையும். டாம்செல் சிறியதாக, அழகாக இருந்தாலும், தொட்டியைத் தன் எல்லையாக்கிக்கொண்டு பின்னர் வருபவற்றை ஓயாமல் விரட்டும். அதைப் பிடித்து வெளியேற்றுவதற்காகப் பாறைகள் அனைத்தையும் கலைக்க வேண்டியிருந்த அனுபவம் எனக்கு உண்டு. டேங் நீண்ட தூரம் நீந்தும் மீன். உங்கள் தொட்டி அதற்குப் போதாது.

பதில் 2:
மாண்டரினைப் பற்றி ஒரு வேண்டுகோள். அது பாறைகளில் வாழும் கோபிபாட் என்னும் மிகச் சிறிய உயிரினங்களை நாள் முழுவதும் கொத்தித் தின்னும். புதிய தொட்டியில் அவை போதிய அளவில் பெருகியிருக்காது என்பதால், மீன் கண்ணெதிரே மெலிந்து இறந்துவிடும். அதற்குப் பதிலாக ஃபயர்ஃபிஷ் ஒன்றை முதலில் விடுங்கள். அது சாதுவானது, ஆனால் மிரண்டால் துள்ளி வெளியே விழும். எனவே வலைமூடி கட்டாயம். கோமாளிகளைக் கடைசியில் சேருங்கள்.

பதில் 3:
ஒவ்வொரு புதிய மீனையும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். ஒட்டுண்ணி நோய்க்கான தாமிர மருந்து தேவைப்பட்டால் அங்கேயே கொடுங்கள். பவளத் தொட்டியில் ஊற்றினால் இறால்களும் பவளங்களும் இறந்துவிடும்.