மைதானம் இல்லாத கழகம்: நினைவிருப்பதை எழுதுங்கள்

தொடங்கியவர்:
எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு மலர் போட முடிவெடுத்திருக்கிறோம். பார்த்து எழுதக் கூட்டறிக்கைக் கொப்பி இல்லை. 1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோது வாசிகசாலை அலுமாரியோடு அதுவும் போய்விட்டது. ஆகவே அவரவர் அனுபவத்தை இங்கே எழுதுங்கள்.

நான் 1997 இல் மல்லாகத்தை அண்டிய நலன்புரி நிலையத்தில், அதாவது இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவன். ஊரின் பெயரை முதலில் வாசித்ததே கழகத்தின் மேற்சட்டை முதுகில்தான். பயிற்சிக்கு இரவல் மைதானம். அந்த ஊர்ப் பெடியன்கள் ஆடி முடித்த பிறகே எங்கள் முறை வரும். அதற்குள் வருவது பந்தா தேங்காயா என்று தெரியாத அளவுக்கு இருட்டிவிடும். சுற்றுப்போட்டிப் படிவத்தில் 'சொந்த மைதானம்' என்ற இடத்தில் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் கோடு கீறுவார்.

பழைய இடதுபுற ஆட்டக்காரர், கனடா:
தம்பி, கொப்பிதான் போனது, பந்து போகவில்லை. எங்கள் பந்துக்காப்பாளர் அதைக் காற்றிறக்கிச் சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். நகைப்பெட்டியை விட்டுவிட்டார். அதற்காக அவர் மனைவியிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

பொருளாதாரத் தடைக் காலம். பற்றரியே வராத குடாநாட்டில் புதுப் பந்துக்கு எங்கே போவது? தோல் பிரிந்த இடங்களை வலை பொத்தும் நைலோன் நூலால் தைத்தோம். கடற்கரை ஊர்க்காரருக்கு அது சொல்லித்தர வேண்டிய வேலையில்லை. ஆனால் தலையால் அடித்தவன் நெற்றியில் தையல் அச்சு அடுத்த நாளும் இருக்கும். உள்ளே இருந்த பிளாடருக்குச் சைக்கிள் கடையில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒட்டுப் போட்ட பக்கம் கனம், அந்தப் பக்கம்தான் பந்து சாயும். அது எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். 1994 இல் முகாம் வெளியில் நடந்த இறுதியாட்டத்தில் நான் அடித்த இரண்டு கோலும் அந்த ஒட்டின் புண்ணியம்.

எதிரணிப் பந்துக்காப்பாளர்:
அந்த இரண்டையும் விட்டவன் நான்தான், அண்ணா. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கோலே அல்ல. உங்கள் கம்பங்கள் இரண்டு பனங்குற்றிகள், குறுக்குச் சட்டத்துக்குப் பதில் கயிறு. பந்து கயிற்றுக்கு மேலால் போனது. கயிறு நடுவில் தொய்ந்து கிடந்ததால் கீழால் போனது போலத் தெரிந்திருக்கும் என்பதும் பொருந்தாது. தொய்ந்தால் மேலால் போவதுதான் இன்னும் சுலபம்! மத்தியஸ்தர் என் தாய்மாமன். மருமகனுக்குச் சாய்ந்தார் என்ற பேச்சு வரக்கூடாதென்று விசில் ஊதிவிட்டார். அவரோடு ஒரு மாதம் நான் பேசவில்லை.

பொருளாளரின் மகள்:
கூட்டறிக்கைக் கொப்பி போனாலும் அப்பா முகாமில் எழுதிய கணக்குக் கொப்பி என்னிடம் இருக்கிறது. தேசிக்காய், குளுக்கோஸ், ஒட்டுக் கூலி என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. படமெடுத்து அனுப்புகிறேன்.

2017 இல் இராணுவம் வைத்திருந்த மயிலிட்டிப் பக்கம் விடுவிக்கப்பட்டபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மைதானம் முழுவதும் நாயுண்ணிப் பற்றை. ஒரு வேம்பைத் தொட்டு "வடக்குக் கம்பம் இது" என்றார். அங்கிருந்து இருபத்துநான்கு அடி எண்ணிக்கொண்டு நடந்தார். மற்றக் கம்பம் நின்ற இடத்தில் ஒரு கிணற்றுக்கட்டு இருந்தது. திரும்பி வந்து மறுபடியும் எண்ணினார்.

கயிற்று விடயம்: இறுதியாட்டத்துக்கு முதல்நாள் 'புதுக் கயிறு, 5 பாகம்' (ஒரு பாகம் ஆறடி) என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் 'கட்டை', அதாவது நீளம் போதாது என்றும் இருக்கிறது. தொய்வதற்கு மிச்சம் இருந்திருக்காது, அண்ணா.