கனகாலம் ஆண்ட கட்சியை விழுத்துற கூட்டுக்குத் தமிழ்ல என்ன?

அரசியல் விஞ்ஞான ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை ஏ.எல் வகுப்புக்கு நோட்ஸ் போட்டோகொப்பிக்குக் குடுக்கோணும், ஒரு சொல்லில வந்து நிக்குது. கனகாலம் ஒரே கட்சி ஆளுது, எதிர்க்கட்சியள் ஒண்டாச் சேந்து அதை விழுத்திப்போட்டு ஆட்சி அமைக்குது, இந்தியாவில 1977ல 30 வருசக் காங்கிரசை ஜனதா விழுத்தினது, மலேசியாவில 2018ல நம்பிக்கைக் கூட்டணி வந்தது மாதிரி. இதை எப்பிடிச் சொல்லுறது? போன கிழமை ஒரு பிள்ளை 'கூட்டாட்சி' எண்டு எழுதினவ, தமிழ்நாட்டுப் புத்தகம் பாத்த மற்றப் பிள்ளை "ரீச்சர், அது சமஷ்டியெல்லோ" (மத்தியும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பிரிச்சு ஆளுற முறை) எண்டு கேக்க வகுப்பே குழம்பிட்டுது.

இளைப்பாறின தமிழ் வாத்தியார்:
'மாற்றணி அரசு' எண்டு போடுங்கோ பிள்ளை. அணி எண்டா நகை மட்டுமில்லை, படை வகுப்பும் அணிதான். அண் எண்ட வேர், அண்டு, அணுகு, அணிமை எல்லாம் அதில வந்தது, நெருங்கி நிக்கிறவைதான் அணி. சங்க காலத்தில தலையாலங்கானப் போரில பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எதிரா ரெண்டு வேந்தரும் அஞ்சு வேளிரும் நிண்டது அப்பிடித்தான்.

கச்சேரி (மாவட்டச் செயலக) மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, தலையாலங்கானத்தில அந்த ஏழு பேரும் தோத்தவையெல்லோ! மாற்றணி எண்டா பெடியளுக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். கூட்டரசாங்கம் ஏற்கெனவே புழங்குற சொல், முன்னால 'எதிரணி' சேத்தாக் காணும். ரீச்சர், ஜனதாவை உதாரணமா வைக்காதேங்கோ, ஸ்தாபன காங்கிரசும் ஜனசங்கமும் லோக்தளமும் சோசலிஸ்ட்டும் கலந்து ஒரே கட்சியாப் போட்டுது, அது கூட்டில்லை. இந்தியாவில 1989ல வந்த தேசிய முன்னணி அரசை வையுங்கோ, பா.ஜ.க.வும் இடதுசாரியளும் வெளியில நிண்டு தாங்கினவை, பா.ஜ.க. கையை எடுக்க அடுத்த வருசமே விழுந்திட்டுது.

வாத்தியார்:
1965ல எங்கட இலங்கையில வந்த கூட்டுக்கு 'தேசிய அரசாங்கம்' எண்டு பேர் வைச்சவை. தமிழரசுக் கட்சியும் உள்ளுக்கதான். திருகோணமலைக் கோணேசர் கோயில் சுற்றாடலைப் புனித பூமியாக்கிறதைப் பற்றி ஆராய அவையின்ர அமைச்சர் திருச்செல்வம் போட்ட குழுவைப் பிரதமர் டட்லி சேனநாயக்க நிப்பாட்ட, 1968ல வெளிய வந்தவை. எங்கட ஊர்ப் பிரச்சினையில உடைஞ்ச கூட்டு அது. பேர் பிழையெண்டா ஆர் ஆரோட ஏன் சேந்தவை எண்டதே பிள்ளையளுக்கு விளங்காமப் போயிடும், அதுக்குத்தான் சொல்லுறன்.

ரீச்சர்:
நேரம் போட்டுது ஐயா. இந்தக் கேள்விக்கு எனக்குத் தனிய பதில் எழுதின வேற ரெண்டு பேரும் 'எதிரணிக் கூட்டரசாங்கம்' எண்டதால அதையே குடுத்திட்டன், பக்கத்தில 'சமஷ்டி வேற' எண்டு பேனையால எழுதியிருக்கு. உதாரணம் 1989தான், 1965ஐ வகுப்பில வாயால சொல்லுவன்.

வாத்தியார்:
ஆட்சிக்கு வந்தாப்பிறகு அவை எப்பிடி எதிரணி? நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை.