மாத்திரையே போடாத மாமனாருக்கு மெரோபெனம் ஏன் கேக்கல?

அரூர்க்காரன்: மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், தர்மபுரில ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கறப்ப காய்ச்சல் ஏறி, சளி கல்ச்சர்ல (கிருமியை வளத்து பாக்கற டெஸ்ட்) கிளெப்சியெல்லான்னு ஒரு பாக்டீரியா வந்துச்சு, மெரோபெனம்ங்கற ஆன்டிபயாடிக்குக்கு ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்கு சாகாது. கோலிஸ்டின்னு கடைசி கட்ட ஆன்டிபயாடிக் போட்டு ஒருவழியா தேறி வீட்ல இருக்காரு. தலைவலிக்கே சுக்கு தட்டி பத்து போடற மனுஷன், அவருக்கு எப்படிங்க ரெசிஸ்டன்ட்?

பர்கூர்வாசி: பிராய்லர் கோழி தான், வேறென்ன. தீவனத்துல கோலிஸ்டின் கலந்து வளத்தாங்க. 2015லயே சீனாவுல பன்னிங்க கிட்ட, கோலிஸ்டினுக்கு கிருமி அசையாம பண்ற எம்சிஆர்-1 ஜீன் சிக்கிச்சே.

பண்ணை_போச்சம்பள்ளி: வந்துட்டாங்கய்யா. கோலிஸ்டினை கால்நடைக்கு 2019லயே தடை பண்ணியாச்சு. அதுவுமில்லாம அவருக்கு கேக்காம போனது மெரோபெனம், கோலிஸ்டின் இல்ல, ஒழுங்கா படிங்க. எவன்யா கோழிக்கு மெரோபெனம் ஊசி போடறான், அந்த காசுல கோழியே வாங்கலாம்.

கல்ச்சர்பிளேட்: கிருஷ்ணகிரில லேப் டெக்னீசியனா இருக்கேன். அண்ணா, ரெசிஸ்டன்ட் ஆனது மாமனார் இல்ல, கிருமி. அது பெரும்பாலும் ஐசியூல தான் அவர் மேல ஏறியிருக்கும், ட்யூப் வழியா, கை வழியா, சிங்க் தண்ணி வழியா. மெரோபெனத்தை முறியடிக்கறதுல நம்ம ஊர்ல அடிக்கடி பாக்கறது என்டிஎம், ஆக்ஸா-48 ரெண்டு வகை ஜீன். என்டிஎம் செய்யற என்சைம் துத்தநாகத்தை வெச்சு மெரோபெனத்தோட வளையத்தையே உடைச்சிடும். இந்த ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட்னு தனியா சுத்தற டிஎன்ஏ வளையத்துல உக்காந்திருக்கு, ஈகோலைங்கற குடல் பாக்டீரியா அதை காப்பி போட்டு பக்கத்துல இருக்கற கிளெப்சியெல்லாவுக்கு குடுத்துடும், சாதி வித்தியாசமெல்லாம் பாக்காது. 2008ல டெல்லி ஆஸ்பத்திரியில இருந்துட்டு போன ஸ்வீடன் பேஷண்ட் யூரின்ல தான் என்டிஎம்மை மொதல்ல பிடிச்சாங்க, 2010 லான்செட் மருத்துவ இதழ் கட்டுரையில சென்னை சாம்பிளும் இருந்துச்சு.

ராயக்கோட்டை_மெடிக்கல்ஸ்: ஆக ஆஸ்பத்திரி தான் குத்தவாளி. இத்தனை நாளா எங்களை இல்ல திட்டிட்டு இருந்தீங்க.

கல்ச்சர்பிளேட்: உங்களை விடல சார். ஒரே பிளாஸ்மிட்ல நாலஞ்சு மருந்துக்கு எதிரான ஜீன் சேந்தே இருக்கும். சீட்டு இல்லாம நீங்க குடுக்கற ஒரு மாத்திரை அதுல ஒரு ஜீனுக்கு சாதகமா இருந்தா போதும், மொத்த மூட்டையும் நெலைச்சிடும்.

ராயக்கோட்டை_மெடிக்கல்ஸ்: சொல்றது ஈசி. மூணே மாத்திரை போதும்னு வந்து நிக்கறவங்க கிட்ட ஹெச்1 ரிஜிஸ்டரை (இந்த மாதிரி மருந்தை யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு குடுத்தோம்னு எழுதற நோட்டு) காட்டினா பக்கத்து கடைக்கு போயிடறாங்க.

பர்கூர்வாசி: கோழிக்காரரே நழுவாதீங்க, தண்ணியில என்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக் கலக்கறதில்லையா? மனுஷங்களுக்கு குடுக்கற சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம் தானே அது?

பண்ணை_போச்சம்பள்ளி: நோய் வந்தா டாக்டர் சொல்லி தான் கலக்கறோம். பத்தாயிரம் கோழியும் சாகட்டும்னு விட்டுடவா?

கல்ச்சர்பிளேட்: பர்கூர் அண்ணா, கோலிஸ்டின் தடை சரி தான், எம்சிஆர் பிளாஸ்மிட்ல தாவற ஜீன். ஆனா நம்ம ஆஸ்பத்திரி கிளெப்சியெல்லா கோலிஸ்டினுக்கு அசையாம போறது பெரும்பாலும் அதோட சொந்த எம்ஜிஆர்பி ஜீன் கெட்டுப்போயி. அதுக்கு கோழி தேவையில்ல, வார்டுல கோலிஸ்டின் ஓடறதே போதும். இந்த கேஸ்ல கோழிய இழுக்காதீங்க.

பர்கூர்வாசி: இந்த கேஸ்ல தான் இல்ல. என்ரோவுக்கு பதில் இன்னும் வரல.

அரூர்க்காரன்: உங்க சண்டை இருக்கட்டும், மாமனார் உடம்புல அது இன்னும் இருக்குமா?

கல்ச்சர்பிளேட்: குடல்ல மாசக்கணக்குல தங்கலாம்ணா, நல்லா இருக்கறவருக்கு அதுக்குன்னு மருந்து வேணாம். மறுபடி எங்க அட்மிட் பண்ணாலும் அந்த கல்ச்சர் ரிப்போர்ட்டை மொத நாளே டாக்டர் கிட்ட காட்டுங்க. வீட்ல பாத்ரூம் போயிட்டு வந்தா சோப்பு, அவ்ளோ தான்.