இலங்கைக்கு டிசம்பரா, ஜூலையா? திருகோணமலைக் கடலும் மலைநாடும் ஒரே பயணத்தில் வேண்டும்

தென்றல் (கேள்வி)
அம்மா, அப்பா, ஆறு வயது மகளோடு இலங்கைக்குப் பத்து நாள் போல போகப் பார்க்கிறோம். லீவு கிடைப்பது டிசம்பர் கடைசியில், இல்லையென்றால் ஜூலை கடைசியில். தேடிய இடத்திலெல்லாம் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல சீசன் என்று போட்டிருக்கிறது, ஆனால் திருகோணமலையில் ஒரு விடுதியில் விசாரித்தால் டிசம்பரில் கடலில் இறங்க முடியாது, வராதீர்கள் என்கிறார்கள். எதை நம்புவது? அம்மாவுக்குக் கோணேஸ்வரம் கோயில், மகளுக்கு நிலாவெளிக் கடல், எனக்கு நுவரெலியா. யானையும் பார்க்க வேண்டும். இந்த வாரம் டிக்கெட் போட்டாக வேண்டும்.

கொட்டியாரக்கரை
விடுதிக்காரர் சொன்னதை நம்புங்கள். நீங்கள் படித்ததும் பொய்யில்லை, அது கொழும்பிலிருந்து காலி வரைக்கும் உள்ள கரைக்கானது. இந்தத் தீவு முழுவதற்கும் பொதுவாக ஒரு சீசன் கிடையாது, எந்தக் கரை என்று முடிவு செய்தால் மாதம் தானாக வந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைகளின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி எங்கள் கிழக்குக் கரைப் பக்கம் வரும்போது வறண்ட காற்றாகத்தான் வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது நனைவது நாங்கள். அந்த நாட்களில் நிலாவெளியில் படகுகளைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற பக்கமெல்லாம் தண்ணீர் செம்மண் நிறத்தில் கிடக்கும். குழந்தையோடு வருகிறீர்கள், ஜூலையில் வாருங்கள்.

தெற்குவாசி
டிசம்பரிலேயே வரவேண்டும் என்றால் கரையை மாற்றுங்கள். பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் கடல் அப்போதுதான் அடங்கியிருக்கும், மிரிஸ்ஸவிலிருந்து நீலத் திமிங்கிலம் பார்க்கப் போவதும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். சிவனொளிபாத மலை ஏறும் காலமும் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கிவிடும். கோணேஸ்வரத்துக்கு மழையிலும் போய் வரலாம், கடல் குளியலை மட்டும் மறந்துவிடுங்கள்.

தென்றல்
நன்றி. மகள் கடல் கடல் என்று இருக்கிறாள், அதனால் ஜூலை. ஆனால் அப்போது நுவரெலியா மழையாக இருக்குமே? இரண்டுக்கும் நடுவில் அக்டோபர், நவம்பரில் லீவு கேட்டுப் பார்க்கவா?

ஊவாக்காரி
அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். அப்போது ஏறக்குறைய நாடு முழுக்க மழை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் அதுதான். மட்டக்களப்பைச் சூறையாடிய 1978 புயல் வந்ததும் நவம்பரில்தான்.

மலைக்கு வருகிறேன். ஜூலையில் ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையும் மூடுபனியும் இருக்கும், பக்கத்து வளைவுகூடத் தெரியாத நாட்கள் உண்டு. ஆனால் மலைத்தொடருக்குக் கிழக்கே இறங்கி பண்டாரவளை, எல்ல, பதுளைக்கு வந்தால் அந்த மாதங்களில்தான் எங்களுக்கு வெயில். தேயிலைத் தோட்டம் இங்கும் உண்டு, குளிரும் அளவாக இருக்கும், வயதானவர்களுக்கு அது நல்லது. நுவரெலியாவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் ஒரு ஜனவரி, மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டியாரக்கரை
அக்கா சொன்னபடி செய்யுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் கொழும்பில் தங்காமல் நேரே ஹபரணை. குளத்து நீரை வயலுக்குத் திறந்து விடுவதால் பக்கத்து மின்னேரியாக் குளத்தில் நீர் வற்றி, தரை தெரிகிற இடத்தில் புல் முளைக்கும், அதை மேயத்தான் யானைகள் கூடும். ஜூலையில் வரத் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கில் நிற்கும். அன்றைக்கு மின்னேரியாவா கவுடுல்லவா என்று ஜீப்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், யானை எந்தக் குளத்தில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து திருகோணமலை 85 கிலோமீட்டர் போல.

ஒன்று கவனம். ஜூலையில் இங்கே கச்சான் என்கிற வறண்ட காற்று, பகலில் அனல். கோணேஸ்வரத்தில் செருப்பைக் கழற்றினால் தரை சுடும், அம்மாவைக் காலையிலேயே அல்லது நாலு மணிக்கு மேல் கூட்டிப்போங்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத் தீவுக்குக் காலைப் படகில் போங்கள். கரை முழுக்க உடைந்த பவளத் துண்டு, மகளுக்குத் தண்ணீரில் போடுகிற செருப்பு கட்டாயம்.

தென்றல்
சரி, ஜூலை கடைசிக்கே டிக்கெட் போடுகிறேன். ஹபரணை, திருகோணமலை, கண்டி, பண்டாரவளை என்று வைத்துக்கொள்கிறேன். கண்டியில் அறை கிடைக்குமா?

ஊவாக்காரி
கண்டிப் பெரஹெரா ஊர்வலத் திருவிழா எந்தத் தேதியில் என்று முதலில் பாருங்கள். சந்திர நாட்காட்டிப்படி ஜூலை, ஆகஸ்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் மாட்டினால் அறை வாடகை ஏறிவிடும், சாயங்காலம் சாலைகளையும் மூடிவிடுவார்கள். பார்க்க ஆசை இருந்தால் இப்போதே அறை பிடியுங்கள், இல்லையென்றால் கண்டியில் தங்காமல் மஹியங்கனை வழியாக நேரே எங்கள் பக்கம் ஏறி வந்துவிடலாம்.