ஃபீஸ் கட்டியும் பள்ளிக்கு வராத பெண்

நண்பர்கள் சிலர் சேர்ந்து, படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு 9-ஆம் வகுப்பிலிருந்து கட்டணம் கட்டி வருகிறோம். 8 வரை எப்படியோ படித்துவிடுகிறார்கள். அதற்கு மேல்தான் பள்ளி தூரமாகிறது, செலவு கூடுகிறது, வீட்டுக்கும் ஒரு ஆள் சம்பாத்தியம் தேவைப்படுகிறது.

அப்படிச் சேர்த்த ஒரு பெண். வருடம் முழுவதற்கும் பணம் கட்டியாச்சு. மூன்றாம் மாதம் பள்ளிக்குப் போனபோது வகுப்பாசிரியர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தொடர்ந்து 11 நாள் அவள் வரவில்லை. நேரே வீட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் உறையில் மடிப்புகூட விழாமல் வைத்திருந்த கட்டண ரசீதை எடுத்துக் காட்டினாள். அப்புறம் ஷூவைக் காட்டினாள். அக்கா போட்டுத் தேய்ந்தது. முன்பக்கம் பிளந்து, கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. "இதைப் போட்டுட்டுப் போனா கேட்லயே திருப்பி அனுப்பிடறாங்க சார்."

ஏம்மா எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அம்மாதான் பதில் சொன்னார்: "இவ்வளவு செஞ்சிருக்கீங்க, இதுக்கும் வந்து எப்படிங்க கேக்கறது?"

இன்னும் மனதை அறுக்கிறது அந்த வார்த்தை. சீருடை, நோட்டு, நாப்கின், பஸ் காசு என்று பிள்ளைகள் இடறி விழுவதெல்லாம் இந்தச் சில்லறைச் செலவுகளில்தான். பெண் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ 1993-இல் ஜிம்பாப்வேயில் வேலையைத் தொடங்கிய காம்ஃபெட் அமைப்பு, கட்டணத்தோடு சீருடை, காலணி போன்றவற்றையும் சேர்த்தே தருகிறது. பீகாரில் 2006-இல் 9-ஆம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் திட்டம் வந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து பார்த்ததில், அதனால் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

இப்போது பள்ளி திறக்கும் முன்பே ஒரு தொகையை அம்மாக்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். கணக்குக் கேட்பதில்லை. அந்தப் பெண் போன வருடம் 10-ஆம் வகுப்பை முடித்தாள்.

* * *

உதவி வாங்கிப் படித்தவன் நானும், அதனால் வாங்குகிறவர்கள் ஏன் வாய் திறந்து கேட்பதில்லை என்று ஒன்று சொல்கிறேன். எனக்குக் கட்டணம் கட்டியவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடைக்குக் கூப்பிட்டு, காசோலையின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவர்களும் பிடித்துக்கொண்டு நிற்க, போட்டோ எடுப்பார்கள். கீழே என் வகுப்புப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

10-ஆம் வகுப்புத் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டி வந்தபோது, அந்த மேடையை நினைத்தே யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசி நாள் மதியம் கணக்கு வாத்தியார் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன் பேர் எங்கடா?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். அவரே அலுவலக அறைக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து, கையெழுத்துப் போட மட்டும் என்னைக் கூப்பிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.