மறு: ஆல்ட்: கிளையுரு சரி, கிடப்பில் கிடப்பதற்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய விளையாட்டில் ஒரே கணக்கில் முதன்மை ஆளை (மெயின்) தவிர நாம் உண்டாக்கி வைக்கும் மற்ற ஆட்களை ஆங்கிலத்தில் ஆல்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை மூன்று நாளாக நீண்டுகொண்டே போகிறது. மாற்றுரு, துணைப்பாத்திரம், மறு அவதாரம் என்று மூன்று சொற்கள் வரிசையில் நிற்கின்றன. எனக்கு மூன்றிலும் மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பங்குக்கும் ஒன்றைப் போடுகிறேன்.

> மாற்றுரு என்பதே போதும். எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ட்ரூயிட் வகை ஆளை ஆடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரடியாகவும் பூனையாகவும் உருமாறுவதுதான் அவர்கள் பிழைப்பே. குழு கிளம்பும் நேரத்தில் ஒருவர் "மாற்றுருவில் வருகிறேன்" என்று எழுதினால் என்ன பொருள்? கரடியாகி முன்னே நின்று அடி தாங்கப்போகிறாரா, அல்லது இந்த ஆளை வெளியேற்றிவிட்டு வேறொரு ஆளாக உள்ளே வரப்போகிறாரா? முன்னே யாரும் இல்லாமல் குழு மொத்தமும் விழுந்த பிறகுதான் தெரியும். ஒரே களத்துக்குள்ளேயே இப்படிக் குழப்பும் சொல்லை எளிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துணைப்பாத்திரத்துக்குச் சினிமா வாடை அதிகம். நாயகனின் தோழன் மாதிரி ஒருவன் கூடவே வருவதாகத் தோன்றுகிறது. இங்கே நிலைமை தலைகீழ்: ஒரே கணக்கின் இரண்டு ஆட்களும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கவே முடியாது. ஒருவன் வந்தால் மற்றவன் இல்லை. அப்புறம், "பழைய பாத்திரங்களை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

அவதாரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. 1986இல் வந்த ஹாபிடாட் என்ற இணைய விளையாட்டின் காலத்திலிருந்தே திரையில் தெரியும் உடலுக்கு அதுதான் பெயர். முதன்மை ஆளும் அவதாரம், ஆல்ட்டும் அவதாரம் என்றால் எதைப் பிரித்தோம்? போதாக்குறைக்கு, அவதாரம் என்றால் மேலிருந்து இறங்கி வருவது. என் பதினெட்டாம் நிலை மந்திரவாதி மேலே ஏறவே மாட்டேன் என்கிறான்.

ஓர் அம்மா போகிற போக்கில் சொன்ன கிளையுரு எனக்குப் பிடித்திருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு கணக்கு மரம் என்றால் அதில் பிரிந்தது கிளை. உரு என்பது சின்னச் சொல், வேற்றுமை உருபு எதை ஒட்டினாலும் முறைக்காது. மெயினுக்கு மட்டும் முதலுரு வேண்டாம், உயிரியல் பாடநூல்களில் அது புரோட்டோபிளாசம். முதன்மை உரு என்று பிரித்தே எழுதுவோம். ஆக, ஆல்ட் = கிளையுரு. இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் கேள்வி வேறு. கிளையுருக்களில் பெரும்பாலானவை ஆடப்படுவதே இல்லையே, அவற்றுக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் ஆடுவதும் ஆல்ட், ஆடாததும் ஆல்ட். நாம் அந்த ஓட்டையையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

போன வாரம் என் கிளையுருக்களில் ஒருத்தியை, குழுவின் காயம் ஆற்றும் குணப்படுத்துபவளை, மூன்று வருடத்துக்குப் பிறகு திறந்தேன். (எந்த ஆட்டம் என்பது வேண்டாமே.) ஒரு பாலத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள். எங்கே போய்க்கொண்டிருந்தேன், ஏன் பாலத்திலேயே நிறுத்தினேன், ஒன்றும் நினைவில்லை. பணிப்பட்டியலில் "பன்றித்தோல் 11/15" என்று இருந்தது. பையைத் திறந்தால் பதினொரு தோலும், எதற்கென்றே தெரியாத நான்கு சாவிகளும். மந்திரங்களை அடுக்கி வைக்கும் திறன்பட்டையில் மூன்று கட்டங்கள் காலி. அந்த மந்திரங்களை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்களாம். விரலுக்கு அது தெரியவில்லை. ஒரு காட்டுப்பன்றி பாய்ந்ததும் விரல் பழைய விசையைத்தான் தட்டியது. அது காலிக் கட்டம். பாலத்திலேயே செத்தாள்.

இந்த நிலைக்கு ஒரு பெயர் வேண்டும். என் பரிந்துரை: கிடப்புரு.

கிடப்பு + உரு. கோப்பைக் கிடப்பில் போட்டார்கள் என்று நாளிதழில் நாளைக்கு நான்கு முறை படிக்கிறோம். அந்தச் சொல்லில் இருக்கும் நுணுக்கத்தைக் கவனியுங்கள். கைவிட்டது என்றால் கதை முடிந்தது. மறந்தது என்றால் நினைவே இல்லை. கிடப்பில் போட்டது அப்படியல்ல: போட்டவன் ஒருவன் இருக்கிறான், எடுப்பேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், எடுக்கத்தான் மாட்டேன் என்கிறான். நம் எல்லோருடைய கதையும் அதுதானே?

> உறங்குரு என்று வைக்கலாமே? அழகாக இருக்கிறது.

அழகுதான் ஐயா, ஆனால் உறக்கத்தைக் கணக்குகளுக்கு விட்டுவிடுவோம். ஆடுபவர் எட்டியே பார்க்காத கணக்கு உறங்கும் கணக்கு. கணக்கு விழித்திருக்க, நாள்தோறும் ஒருவன் ஆட, உள்ளே ஒன்பது பேர் கிடப்பில் கிடக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

> தரிசுரு எப்படி? நிலத்தை ஆறப்போட்டால் விளைச்சல் கூடும், ஓய்வுப் புள்ளிகளும் அப்படித்தான்.

இதில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன், ஒப்புமை அவ்வளவு நன்றாக இருக்கிறது. வார்கிராஃப்டில் ஓர் ஆளைச் சத்திரத்திலோ நகரத்திலோ விட்டுவிட்டு வெளியேறினால், எட்டு மணி நேரத்துக்கு, ஒரு நிலை ஏறத் தேவையான அனுபவப் புள்ளியில் 5 விழுக்காடு என்று ஓய்வுப் புள்ளி சேரும். திரும்பி வந்ததும் எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி இரு மடங்கு. ஆறிய மண் மாதிரியேதான். ஆனால் அந்தச் சேமிப்புக்கு உச்சவரம்பு ஒன்றரை நிலை. கணக்குப் போட்டால் பத்தே நாளில் நிரம்பிவிடும். பதினோராவது நாளிலிருந்து பத்தாவது வருடம் வரை ஒரு புள்ளிகூட ஏறாது. பத்து நாள்வரை தரிசு என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். அதற்குப் பிறகு கிடப்பு.

இன்னொன்று. தரிசு நிலம் இருந்த இடத்தில் இருக்கும், கிடப்புரு அப்படி இருப்பதில்லை. 2020இல் ஷேடோலேண்ட்ஸ் என்ற வார்கிராஃப்ட் விரிவாக்கத்தை ஒட்டி நிலைகளைச் சுருக்கினார்கள் அல்லவா? 120ஆம் நிலையில் விட்டுப்போனவன் திரும்பி வந்து பார்த்தால் 50. யாரும் அவனைத் தொடவில்லை, அவனும் ஓர் அடி நகரவில்லை, ஆனாலும் எண் இறங்கிவிட்டது. கிடப்பில் போட்ட கோப்புக்கும் இதுதான் நடக்கும்: கோப்பு அப்படியே இருக்கும், சட்டம் மாறியிருக்கும்.

எல்லா ஆட்டத்துக்கும் இந்தச் சொல் தேவைப்படாது. ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஒரே ஆள் எல்லாத் தொழிலையும் கற்கலாம். அங்கே கிடப்பில் கிடப்பது தொழில்தான், ஆள் அல்ல. ஈவ் ஆன்லைனில் கற்க வேண்டிய திறன்களை வரிசைப்படுத்தி வைத்துவிட்டால் ஆள் வெளியே இருக்கும்போதும் திறன் ஏறிக்கொண்டிருக்கும். அவனைக் கிடப்புரு என்பது நியாயமா என்று ஈவ் ஆடுபவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சரக்கு வைக்க மட்டும் ஒருவனை உண்டாக்கி ஒன்றாம் நிலையிலேயே நிறுத்தியிருப்போமே, அவன் கிடப்புரு இல்லை. நிலை குறைவு, ஆனால் தினமும் அஞ்சல் பெட்டிக்கும் ஏலக்கடைக்கும் நடக்கிறான். அவனைக் கிடங்குரு என்று ஒருவர் எழுதியிருந்தார். கிடப்புருவும் கிடங்குருவும் குரல் அரட்டையில் ஒன்றாகத்தான் காதில் விழும். சுமைதாங்கி என்று நல்ல சொல் சும்மாதானே இருக்கிறது?

திரும்பப் போய் ஆடுவதற்கு மீள்புகல், மீட்டெழுப்பல் என்றெல்லாம் பட்டியல் வந்திருக்கிறது. இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை என்பது என் கருத்து. தூசி தட்டுதல் என்று ஊரே சொல்கிறது. ஓட்டிப் பார்த்தேன்:

"இந்த வாரம் முதன்மை உருவுக்கு வேலை இல்லை, ஒரு கிடப்புருவைத் தூசி தட்டப்போகிறேன்."

"ஏழு கிளையுரு வைத்திருக்கிறாய், ஆறு கிடப்புரு."

நாக்கில் தடுக்கவில்லை. உங்கள் குழுவில் இரண்டு நாள் புழங்கிவிட்டு, யாராவது "அப்படின்னா என்ன?" என்று கேட்டார்களா என்று எழுதுங்கள். ஒருவருமே கேட்கவில்லையென்றால் சொல்லகராதிக் கோப்பில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.

பி.கு.: தோல் இப்போது 14/15. அந்தப் பணியைக் கொடுத்தவரைத்தான் காணவில்லை. போன பதிப்பில் அந்த ஊரையே எரித்துவிட்டார்களாம்.