பொருள்: ஃபார் ரைட் = தீவிர வலதுசாரி? (வெள்ளிக்குள் தேவை)

மலர்:
வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியல் பாடநூலில் 2013–14-இல் உக்ரைன் தலைநகர் கீவின் மைதான் சதுக்கத்தில் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டம் பற்றிய இயலைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஃபார் ரைட், ராடிகல் ரைட், எக்ஸ்ட்ரீம் ரைட் மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. முதலாவது பொதுப்பெயர். அடுத்தது, தேர்தலை ஏற்றாலும் சிறுபான்மையினர் உரிமைகளை எதிர்க்கும் வகை. கடைசி, மக்களாட்சியையே ஏற்காத வகை. நாளிதழ்களில் மூன்றுமே ‘தீவிர வலதுசாரி’தான். என்ன செய்யலாம்?

வளவன்:
முதலில் ‘சாரி’யைக் களையுங்கள், அது வடசொல். மிகுதிக்கு உறு, தவ, நனி மூன்றையும் தொல்காப்பியர் தந்தார். நன்னூலார் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். உறுவலது, கூர்வலது, கழிவலது. மூன்றுக்கு மூன்று, வேலை முடிந்தது.

தணிகை:
வளவன் ஐயா, கழிபேருவகை படித்தவர்களுக்குக் கழிவலது விளங்கும். மாணவர்கள் கழிவு என்றே படிப்பார்கள் (சில குழுக்களுக்கு அதுவும் பொருந்தலாம்). ‘சாரி’ சார்தலிலிருந்து வந்ததென்று கொண்டால் என்ன குறை? ஊர் வாயில் ஊறிய சொல்.

எந்தக் குழு எந்த வகை என்பதைப் பாருங்கள். ஸ்வபோதா கட்சி 1991-இல் சமூக-தேசியக் கட்சியாகத் தொடங்கி, 2004-இல் பெயர் மாற்றி, 2012 தேர்தலில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியது. அது இரண்டாம் வகை. பிராவி செக்டர், 2013 நவம்பரில் திரிசூப், உனா-உன்சோ, ‘உக்ரைன் தேசபக்தன்’ போன்ற குழுக்கள் சேர்ந்த கூட்டு. அது மூன்றாம் வகை.

நிலா:
அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியாது, தணிகை. அந்த ‘தேசபக்தன்’ பிறந்ததே சமூக-தேசியக் கட்சியின் கிளையாகத்தான். எனக்கு உறுத்துவது ‘தீவிர’. தமிழில் அதன் நிழலில் ‘தீவிரவாதி’ நிற்கிறான். ‘மைதானில் தீவிர வலதுசாரிகள் முன்னின்றார்கள்’ என்றால், கூட்டம் முழுக்கத் துப்பாக்கியோடு நின்றதாகத்தான் மாணவர் நினைப்பார். 2013 டிசம்பர்க் கருத்துக்கணிப்பில் 10-க்கு 9 பேர் எந்தக் கட்சியும் அழைக்காமல் தாமாக வந்தவர்கள். ஆனால் டிசம்பர் 8-இல் லெனின் சிலை சாய்ந்ததும் ஸ்வபோதா அதற்கு உரிமை கொண்டாடியது. 2014 ஜனவரி 19-இல் கீவின் ஹ்ருஷெவ்ஸ்கி தெருவில் காவல்துறையோடு நடந்த மோதலில் பிராவி செக்டர் முன்வரிசையில் நின்றது. ஆள் குறைவு, கைகலப்பில் பங்கு பெரிது. 2014 மே அதிபர் தேர்தலில் ஸ்வபோதாவின் தியாஹ்னிபோக் 1.16 விழுக்காடு, பிராவி செக்டரின் யாரோஷ் 0.7 விழுக்காடு. ஆள் குறைவு, பங்கு பெரிது இரண்டையும் சொல்லாவிட்டால், உக்ரைன் மீது படையெடுக்க ‘நாஜி ஒழிப்பு’ என்று 2022-இல் புதின் சொன்ன காரணத்துக்குப் பாடநூலே சான்று கொடுத்துவிடும். அதற்குப் பயந்து வெறும் ‘தேசியவாதிகள்’ என்று போடுவதும் வெள்ளையடிப்புதான்.

மலர்:
சரி, ‘தீவிர’ வேண்டாம். இன்னொன்று: போராட்டக்காரர்களின் தற்காப்புப் படைப் பிரிவான ‘சோத்னியா’வுக்கு (நூறு பேர் அணி என்று பொருள்) ‘நூற்றுவர்’ போட்டிருக்கிறேன். சரிதானே?

வளவன்:
நூற்றுவர் என்றால் கௌரவர்! சிலம்பின் நூற்றுவர் கன்னரோ சாதவாகன மன்னர்களான சதகர்ணிகள். ‘சத’த்தை நூறாக்கி, ‘கர்ணி’யைக் கன்னராக்கிய பழைய மொழிபெயர்ப்பு அது. இதில் கட்டுரையே எழுதலாம்.

தணிகை:
வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள், ஐயா. மலர், சோத்னியா என்பது உக்ரைனின் பழைய போர்வீரர்களான கொசாக்குகளின் படைப்பிரிவுப் பெயர். ‘நூற்றணி’ போடுங்கள். எல்லா நூற்றணியும் வலதுசாரிகளுடையதல்ல, பெண்கள் நூற்றணியும் இருந்தது என்று ஒரு வரி சேருங்கள். போராட்டத்தில் கொல்லப்பட்டவர்களை அங்கே ‘வானகச் சோத்னியா’ என்பார்கள். அங்கு மட்டும் ‘வானக நூற்றுவர்’ நிற்கட்டும்.

வளவன்:
ராடிகல், வேர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘வேர்வலது’?

நிலா:
மூலிகைக் கடைப் பெயர்ப்பலகை போல இருக்கிறது.

மலர்:
இப்படிப் போகிறேன்: பொதுப்பெயருக்குக் கடும் வலதுசாரி, ராடிகலுக்கு முனைப்பு வலதுசாரி, எக்ஸ்ட்ரீமுக்கு மக்களாட்சி மறுக்கும் வலதுசாரி. கடைசி நீளம்தான், ஆனால் அடிக்குறிப்பு வேண்டாம்.

தணிகை:
எனக்குச் சம்மதம்.

நிலா:
சொற்களுக்குச் சம்மதம். பிராவி செக்டரை ஒரே பெட்டியில் போடுவதற்கு இல்லை. ‘கடும் வலதுசாரிக் குழுக்களின் கூட்டு’ என்று எழுதிவிட்டு, உறுப்புக் குழுக்களைத் தனித்தனியே வகைப்படுத்துங்கள்.

வளவன்:
‘சாரி’ மூன்று முறை வந்திருக்கிறது. கலைச்சொல் பட்டியலில் என் மறுப்பைப் பதியவும். உறுவலதும் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.